பொருள்: நரித் தொல்லை

மார்ச் 3, ஞாயிறு

இன்றிலிருந்து எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைக்கப் போகிறேன். மின்வாரியத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள் நான். வாயால் சொல்கிற புகாருக்கு என்ன மரியாதை என்று தெரியும். எழுத்தில் இருக்க வேண்டும், தேதியும் நேரமும் இருக்க வேண்டும். அப்போதுதான் மேலே உட்கார்ந்திருப்பவன் நிமிர்ந்து பார்ப்பான்.

புகார் இதுதான். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகிற சாலையில், தைலமரக் காட்டை வெட்டி மனை போட்ட மரகதம் நகரில், நாற்பத்திரண்டு வீடுகளுக்கு நடுவே நரிகள் குடியிருக்கின்றன. குள்ளநரி. பூனையைவிடக் கொஞ்சம் பெரியது, வால் நுனி மட்டும் கறுப்பு. எங்கள் தெருக்கோடியில் காலியாகக் கிடக்கும் மூன்று மனைகளில் கருவேல முள் மண்டியிருக்கிறது. அதற்குள் வளை தோண்டிக் குட்டி போட்டிருக்கிறது என்கிறார் வாட்ச்மேன் பிச்சைமுத்து. சொந்த மகளுக்குப் பிரசவம் ஆனதுபோலச் சிரித்துக்கொண்டு சொல்கிறார். "காலையில நரியைப் பாத்தா நல்லதும்மா." என்ன நல்லதைக் கண்டார் அவர்?

இன்று காலை ஐந்தரை மணிக்கு எழுந்து வந்தால் கேட் விரியத் திறந்து கிடக்கிறது. கேட்டில் தொங்கும் பையில் இரண்டு பால் பாக்கெட் இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது. இவர் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னொரு பாக்கெட் எங்கங்க?"

"எனக்கென்ன தெரியும்? நரி தூக்கிட்டுப் போயிருக்கும்."

இவர் என்று எழுதுவது என் வீட்டுக்காரர் நாகலிங்கத்தை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்து சார்ஜ்மேனாக ஓய்வு பெற்றவர். அறுபத்தெட்டு வயது. இரண்டு வருடம் முன்புதான் இங்கே வீடு கட்டி வந்தோம். நிம்மதியாக இருக்கலாம் என்று வந்தோம்.

மார்ச் 5, செவ்வாய்

இவருடைய செருப்பில் ஒன்றைக் காணோம். எவர்சில்வர் தட்டு ஒன்றையும் காணோம்.

பெங்களூரிலிருந்து மலர்விழி போன் செய்தாள். சொன்னேன். "நரிக்கு எவர்சில்வர் தட்டு எதுக்கும்மா?" என்று கேட்கிறாள். பெற்ற பெண். அம்மா சொல்வதை நம்புவதற்கு அவளுக்கு ரசீது வேண்டும். போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 8, வெள்ளி

காலை நடைக்குப் போன இவர் ஒன்பது மணி வரை வரவில்லை. இட்லி ஆறிக் கல்லாகிவிட்டது. ஒன்பதே காலுக்குப் பிச்சைமுத்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இவரைக் கூட்டி வந்தார்.

"சார் மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்புல நின்னுட்டு இருந்தாரும்மா. பொன்மலை பஸ் எப்ப வரும்னு போறவங்க வர்றவங்களைக் கேட்டுட்டு இருந்தாரு."

"அங்க அவருக்கு சிநேகிதங்க இருக்காங்க. பாக்கப் போறேன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு" என்றேன். ஒரு காலில் மட்டும் செருப்போடு சிநேகிதரைப் பார்க்கப் போவார்களா என்று பிச்சைமுத்து கேட்கவில்லை. இவர் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். அந்தப் பார்வைக்கே அவரை நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

நரிக்குப் பயந்து வழக்கமான பாதையை விட்டு வேறு வழியில் போயிருக்கிறார். அதில்தான் திசை தப்பிவிட்டது. மனுவில் இதையும் சேர்க்க வேண்டும்: முதியோர் நடமாட முடியவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

குடியிருப்போர் சங்கக் கூட்டம். செயலாளர் குணசீலன் வீட்டு மாடியில். அவர் பன்னிரண்டு நாட்டுக்கோழி வளர்த்தார், இப்போது எட்டு.

"நாலு கோழி போயிருச்சு மேடம். குழந்தைங்க விளையாடுற இடம். நாளைக்கு ஒரு புள்ளையக் கடிச்சா யாரு பதில் சொல்றது?"

பக்கத்து வீட்டு ஜெசிந்தா எழுந்தாள். நர்ஸ். எல்லாவற்றுக்கும் எழுந்து நிற்கிறவள். "அது நம்மளப் பாத்தாலே ஓடுது சார். எலியும் பூச்சியும் தின்னுட்டுக் கிடக்கு. நாம வந்து ரெண்டு வருஷம்தான் ஆச்சு. அது எத்தனை வருஷமா இங்க இருக்கோ."

எனக்கு வந்ததே கோபம். "அப்ப வீட்டை அதுங்க பேருக்கு எழுதி வெச்சிட்டு நாம வளைக்குள்ள போயிரலாமா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் அதுவரை சும்மா இருந்த இவர் தலையைத் தூக்கினார். "மூணு குட்டி. ஒண்ணுக்குப் பின்னங்கால் நொண்டி. அதுக்குத்தான் முதல்ல ஊத்தணும், மத்தது ரெண்டும் விடாது" என்றார்.

எல்லாரும் இவரைப் பார்த்தார்கள். தூரத்தில் நின்று பார்த்ததைச் சொல்கிறார் என்று விளக்கினேன்.

வனத்துறைக்கு மனு எழுதிக்கொண்டு போயிருந்தேன். பொருள்: நரித் தொல்லை. முதல் கையெழுத்து என்னுடையது. முப்பத்தாறு வீட்டார் போட்டார்கள். ஜெசிந்தா போடவில்லை.

மார்ச் 13, புதன்

குழம்புக் கிண்ணத்தைத் திருப்பித் தருகிற சாக்கில் ஜெசிந்தா வந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சாரை ஒரு தடவை நரம்பு டாக்டர்கிட்ட காட்டுங்களேன். முந்தாநாள் எங்க வீட்டுக் கதவுல சாவியைப் போட்டுத் திறக்கப் பாத்தாரு. நான் திறந்தா, எங்க வீட்ல நீங்க என்ன பண்றீங்கன்னு எங்கிட்டயே கேக்குறாரு."

"எல்லா வீட்டையும் ஒரே மாதிரி கட்டி வெச்சிருக்கான் அந்த புரமோட்டர். நானே ரெண்டு தடவை மாறிப் போயிருக்கேன்" என்றேன்.

போனதில்லை.

"அக்கா, இப்பவே ஆரம்பிச்சா மருந்து..."

"ஆஸ்பத்திரியில நோயாளி யாரும் கிடைக்கலியா உனக்கு?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினேன். பிறகு அடுப்படியில் நின்று, சுத்தமாக இருந்த பாத்திரங்களையெல்லாம் மறுபடி தேய்த்தேன். நரம்பு டாக்டராம். நாற்பது வருடம் ரயில் பெட்டிக்கு பிரேக் பார்த்தவர். ஒரு திருகாணியின் அளவைக் கண்ணால் பார்த்தே சொல்வார். அவருக்கு நரம்பு டாக்டரா?

மார்ச் 17, ஞாயிறு

இரண்டு பால் பாக்கெட்டும் இருந்தன. கேட்டைப் பூட்டிச் சாவியை என் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன்.

மார்ச் 19, செவ்வாய்

காலை ஐந்தரை. கேட்டைப் பிடித்து உலுக்குகிற சத்தம். ஓடிப் போனால் இவர். காக்கிச் சட்டையை எங்கிருந்து தேடி எடுத்தாரோ, அதைப் போட்டிருந்தார்.

"சங்கு ஊதிருச்சு. கதவைத் திற."

"எந்தச் சங்கு? ஒர்க்‌ஷாப்பை விட்டு எத்தனை வருஷமாச்சு! உள்ள வாங்க, அக்கம்பக்கம் பாக்குது."

"லேட்டாப் போனா அட்டெண்டன்ஸ் கார்டை மடக்கிருவான். திறடீ!"

நாற்பத்து மூன்று வருடத்தில் என்னை டீ போட்டுப் பேசியதில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். உதறினார். கேட் கம்பியில் என் மணிக்கட்டு அடிபட்டு, வளையல் உடைந்து கையைக் கிழித்தது. எதிர்வீட்டு ஜன்னலில் வெளிச்சம் வந்தது. இவர் அந்த வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு என் கையில் ரத்தத்தைப் பார்த்து, "ஐயையோ, என்ன ஆச்சு தவம்?" என்றார். உள்ளே வந்து அவரே பஞ்சு எடுத்துத் துடைத்தார்.

நரியை விரட்டப் போய் முள்வேலியில் கிழித்துக்கொண்டதாக ஜெசிந்தாவிடம் சொன்னேன். டி.டி. ஊசி போட்டாள். அவள் பேசியிருந்தால்கூடத் தேவலை.

மனுவுக்கு: நரியால் காயம், ஒருவர்.

மார்ச் 22, வெள்ளி

வனத்துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். காக்கி உடுப்பு, இருபத்தைந்து வயதுகூட இராது. காலி மனையைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். மனுவில் முதல் பெயர் என்னுடையதாயிற்றே.

"இதைப் பிடிக்கவோ கொல்லவோ கூடாதும்மா. சட்டப்படி குத்தம். ஜூன் மாசத்துக்குள்ள குட்டிங்க பெருசாகி அதுவே கலைஞ்சு போயிரும். கோழியை ராத்திரி கூண்டுல அடைக்கச் சொல்லுங்க. யாரோ பால் வெக்கிறாங்க, அதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க."

பையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். வளை வாசலில் கிடந்ததாம். மண் ஒட்டியிருந்தது. விளிம்பில் பெயர் வெட்டியிருந்தது: பொ. நாகலிங்கம் - தவமணி. கல்யாணத்துக்கு வந்த தட்டு.

"நரி தூக்கிட்டுப் போனது" என்றேன்.

அவள் தட்டைப் பார்த்தாள். என் கைக்கட்டைப் பார்த்தாள். "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எதற்குச் சம்பளம் வாங்குகிறார்கள் இவர்கள்? ஒரு மனு கொடுத்தால் சட்டம் பேசுகிறார்கள். அந்த நரி இல்லாவிட்டால் இவர் எதற்காக விடிவதற்குள் எழுந்து ஓடப் போகிறார்? வீட்டோடு இருப்பார். எல்லாம் சரியாகிவிடும். அந்தச் சனியன்கள் ஒழிந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும்.

மார்ச் 23, சனி

மாலையில் குணசீலன் கேட் அருகில் நிறுத்திப் பேசினார்.

"சட்டம் நம்ம குழந்தைகளுக்கு இல்லியா மேடம்? நீங்க கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கறேன். நாளைக்குக் காலையில யாரும் அந்தப் பக்கம் வாக்கிங் போக வேணாம்னு குரூப்ல போடறேன். ஏன்னு மட்டும் கேக்காதீங்க."

நான் கேட்கவில்லை. அவர் வண்டியில் தொங்கிய பையில் கோழிக்கறித் துண்டுகளும், வயலுக்குப் போடுகிற குருணை மருந்துப் பாக்கெட்டும் இருந்தன. அதையும் நான் பார்க்கவில்லை.

மார்ச் 24, ஞாயிறு. காலை 8.20

இன்று நரிப் புகார் எதுவும் இல்லை. இன்று நல்ல நாள்.

ஐந்து மணிக்குப் பால் எடுக்கக் கேட்டைத் திறந்தேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் இவர் இல்லை. திறந்து போட்டது என் தப்பு. தெரு முழுக்கத் தேடிவிட்டு, பிச்சைமுத்துவை மெயின் ரோட்டுக்கு அனுப்பிவிட்டு வந்து நிற்கிறேன், ஏழே முக்காலுக்கு ஒயர் கூடையும் கையுமாக வருகிறார்.

"இந்தா, கறி வாங்கியாந்துட்டேன். நெஞ்செலும்பு கேட்டேன், தீந்துபோச்சுன்னுட்டாரு பாய்."

கூடைக்குள் தைல இலைகளைப் பரப்பி அதன்மேல் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்று நினைவு இருந்திருக்கிறது. கறிக்கடை இங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். தனியாகப் போய், வாங்கி, வழி தெரிந்து திரும்பி வந்திருக்கிறார். ஆட்டுக்கறி என்று சொல்கிறார், பார்த்தால் கோழி. யாருக்குத்தான் வாய் தவறாது?

மலர்விழிக்குப் போன் போட்டேன். "உங்கப்பா தனியாப் போய்க் கறி வாங்கிட்டு வந்திருக்காருடி" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன், பக்கத்து வீட்டில் நர்ஸம்மாவுக்கும் கேட்கட்டும் என்று.

வெங்காயம் உரிக்க வேண்டும். கறியைக் கழுவ வேண்டும்.

அதே நாள். மாலை 6 மணி, ஆஸ்பத்திரி

இதை எழுதியே ஆக வேண்டும்.

கறியைத் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்தேன். தண்ணீர் ஊதா நிறத்தில் ஓடியது. துண்டுகளுக்கு நடுவே சின்னச் சின்ன ஊதா மணிகள். மண். ஒரு எறும்புச் சாரி அப்படியே செத்து ஒட்டியிருந்தது. என் அப்பா நாற்றங்காலுக்குக் குருணை போட்டு நான் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு நொடிகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நேற்று நான் பார்க்காமல் விட்ட பாக்கெட் என் சமையல் தொட்டியில் கரைந்துகொண்டிருந்தது.

திரும்பினால் இவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருக்கிறார். சட்டை முழுக்க வேர்வை. வாயில் எச்சில் ஒழுகுகிறது. மடியில் பிஸ்கட் பொட்டலம். அந்தக் கறியைப் பொறுக்கிய கையாலேயே பிஸ்கட் தின்றிருக்கிறார்.

"ஜெசிந்தா!" என்று கத்தினேன். பதினோரு நாள் முன்பு யார் முகத்தில் கதவைச் சாத்தினேனோ அவள்தான் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள். கண் இமையைத் தூக்கிப் பார்த்தாள். "கண்மணி சுருங்கிருச்சு அக்கா. என்ன மருந்து? பேரைச் சொல்லுங்க, என்ன மருந்து?"

"குருணை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியும். எனக்குத் தெரியும். அவள் காரிலேயே போட்டுக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் வாந்தி. ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதே மருந்தின் பெயரைச் சொன்னதால் பிழைத்தார் என்றார் டியூட்டி டாக்டர். என்னிடம் நன்றி சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது.

நாலு மணிக்குக் கண் திறந்தார். கையில் ஊசி, மூக்கில் குழாய்.

"கறி ஆக்கிட்டியா?" என்று கேட்டார்.

மார்ச் 27, புதன்

மலர்விழி வந்துவிட்டாள். நரம்பு டாக்டரிடமும் அங்கேயே காட்டினோம். தலையைப் படம் எடுத்தார்கள். பிறகு இவரிடம் ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார்கள். வட்டத்தை அழகாகப் போட்டார், காம்பஸ் வைத்ததுபோல. எண்களையெல்லாம் ஒரே பக்கமாக அடுக்கி வைத்தார்.

"எப்பலேருந்து இப்படி இருக்காரு?" என்று டாக்டர் கேட்டார்.

"இந்த மாசம்தான். நரி..." என்று ஆரம்பித்தேன். மலர்விழி என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. கோபமாகப் பார்த்திருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

"ரெண்டு வருஷமா" என்றேன். "ஒர்க்‌ஷாப் சத்தம் கேக்காத இடமாப் போனா சரியாயிரும்னு நான்தான் இங்க வீடு கட்டிக் கூட்டிட்டு வந்தேன்."

மலர்விழிக்கு இது புதுச் செய்தி. எனக்கும், சத்தமாகக் கேட்டபோது, புதிதாகத்தான் இருந்தது.

மார்ச் 29, வெள்ளி

வீடு வந்து சேர்ந்தோம். நகர் வாசலில் வேறு ஒரு வாட்ச்மேன் நிற்கிறான்.

பிச்சைமுத்துவை நீக்கிவிட்டார்களாம். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் குணசீலன் போட்டிருக்கிறார்: எலிக்கு வைத்த மருந்தைக் கவனக்குறைவாகத் திறந்த வெளியில் போட்டதால் வாட்ச்மேன் பணியிலிருந்து நிறுத்தப்படுகிறார். நாகலிங்கம் சார் நலம் பெறப் பிரார்த்திப்போம். கீழே கைகூப்பிய படங்கள். முப்பது நாற்பது பேர் கைகூப்பியிருக்கிறார்கள்.

ஜெசிந்தா மீதியைச் சொன்னாள். குணசீலன் வைத்தது இருபது துண்டுக்கு மேலாம். இவர் கூடையில் பதினாலு இருந்தது. தவறிப்போன துண்டில் ஒன்றைத் தின்று ஆண் நரி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்திருக்கிறது. வேலையை விட்டுப் போகும்போது பிச்சைமுத்துதான் அதைப் புதைத்துவிட்டுப் போனாராம்.

குணசீலன் வீட்டுக்குப் போனேன். பழச்சாறு கொடுக்கச் சொன்னார் மனைவியிடம்.

"மருந்து வெச்சது நீங்க. அந்த மனுஷனை எதுக்கு அனுப்புனீங்க?"

"மெதுவாப் பேசுங்க மேடம். இது வெளிய போனா நமக்கு எல்லாருக்கும் பிரச்சினை. உங்களுக்கும்தான். முதல் கையெழுத்து யாருது?"

"மனுவுலதானே போட்டேன்?"

"மனுவுல போட்டீங்க. சனிக்கிழமை பையைப் பாத்துட்டும் சும்மா இருந்தீங்க. பாக்கலைன்னு சொல்லுங்க பாப்போம்."

பழச்சாற்றைத் தொடாமல் எழுந்துவிட்டேன். அவர் வீட்டுப் படியில் இறங்கும்போது எனக்குக் கோபம் யார்மேல் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. எல்லார்மேலும் இருந்தது. என்மேல்தான் அதிகம் இருந்தது.

மார்ச் 31, ஞாயிறு

கூட்டம். மலர்விழியை இவரோடு வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டுப் போனேன்.

நான் எழுந்ததும் குணசீலன், "மேடம் கஷ்டமான நேரத்துலயும் வந்திருக்காங்க" என்று கைதட்ட ஆரம்பித்தார். "நிறுத்துங்க" என்றேன். நின்றது.

"மருந்து வெச்சது பிச்சைமுத்து இல்ல. குணசீலன் சார். அவர் வெக்கப் போறாருன்னு எனக்குத் தெரியும். பாக்கெட்டைக் கண்ணால பாத்தேன். தடுக்கல. செத்தா நரிதானேன்னு இருந்துட்டேன்."

"இன்னொண்ணு. எங்க வீட்டுக்காரருக்கு மறதி நோய். பால் பாக்கெட்டை நரி எடுக்கல, இவர்தான் கொண்டுபோய்க் குட்டிகளுக்கு ஊத்துனாரு. இந்தக் கை நரியால கிழியல. மனுவுல நான் எழுதுனதுல பாதி பொய். நீங்க அதை நம்பிக் கையெழுத்துப் போட்டீங்க."

பின் வரிசையில் ஒருவர், "சரிங்க, இப்ப என்ன பண்ணணும்ங்கறீங்க?" என்று கேட்டார், என்னமோ நான் தண்ணீர் வரி பற்றிப் பேசுவதுபோல.

"பிச்சைமுத்துவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேக்கணும். எல்லாரும். கைகூப்பி படம் போட்டீங்கல்ல, அந்தக் கையாலயே."

குணசீலன் எழுந்து கத்தினார். அவர் நல்லது செய்ய நினைத்தாராம், ஒரு பைத்தியக்கார ஆளை வெளியே விட்டது நான்தானாம். பைத்தியக்காரன் என்ற சொல்லைக் கேட்டதும் நான் மேசையிலிருந்த தண்ணீர் ஜாடியைக் கையில் எடுத்துவிட்டேன். ஜெசிந்தா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்திராவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

வனத்துறை அலுவலகம். அதே காக்கிப் பெண். புதுப் புகாரை எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஒரு நரி கொல்லப்பட்டது, நச்சு வைத்தவர் பெயர், தெரிந்தும் மறைத்தவர் பெயர்.

அவள் இரண்டு தடவை படித்தாள். "உங்க பேரையும் எழுதியிருக்கீங்களேம்மா."

"தெரிஞ்சுதான் எழுதினேன்."

"உங்களையும் விசாரிப்பாங்க."

"விசாரிக்கட்டும். அதுக்குத்தானே சம்பளம் வாங்குறீங்க?"

முகம் சுருங்கியது அவளுக்கு. அப்புறம் முத்திரை குத்தி, தேதி போட்டு, நகலில் கையெழுத்திட்டுக் கொடுத்தாள்.

ஏப்ரல் 5, வெள்ளி

குணசீலன்மேல் வழக்குப் பதிவாகியிருக்கிறது. என்னை இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். தெருவில் பாதிப் பேர் என்னிடம் பேசுவதில்லை. மீதிப் பேர் பேசாமல் இருந்தால் நன்றாக இருக்கும்.

பிச்சைமுத்துவின் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். ஓட்டு வீடு, வாசலில் அவர் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நடந்ததைச் சொல்லி, என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். திரும்ப வேலைக்கு வரச் சொல்லி ஜெசிந்தாவும் நானும் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கியிருப்பதைச் சொன்னேன்.

"மில்லு கேட்டுல சேந்துட்டேன்மா" என்றார். "சார் எப்படி இருக்காரு?"

"இருக்காரு."

தலையை ஆட்டினார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் அழுகை வரும் என்று பார்த்தேன், ஆத்திரம்தான் வந்தது. நான் சொன்ன பொய்க்கெல்லாம் முதலில் வேலை போனது அவருக்கு.

ஏப்ரல் 9, செவ்வாய்

மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாளாகிறது. இது குணமாக்காது, கொஞ்சம் தள்ளிப் போடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மலர்விழி நேற்று ஊருக்குப் போனாள், அடுத்த வாரம் வருவாள்.

இன்று காலை ஐந்தரைக்கு இவர் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கேட்டருகில் நின்றார். நான் குளித்துப் புடவை மாற்றித் தயாராக இருந்தேன். ஒன்றும் சொல்லாமல் கேட்டைத் திறந்து, நானும் கூடவே இறங்கினேன்.

விடிந்தும் விடியாத நேரம். காலி மனைக்குப் பக்கத்தில் போனதும் இவர் நின்று, என்னையும் கையைக் காட்டி நிறுத்தினார். முள்ளுக்குள்ளிருந்து முதலில் காதுகள் வந்தன, பிறகு தாய் நரி. இத்தனை நாளாக நான் இதைத் தூரத்தில் ஓடுகிற வாலாகத்தான் பார்த்திருக்கிறேன். விலா எலும்பு தெரிய மெலிந்திருந்தது. இரை தேட இப்போது அது ஒன்றுதானே. குட்டிகள் பின்னால் வந்தன. இரண்டு ஓடி வந்தன. மூன்றாவது தத்தித் தத்தி வந்தது. தாய் திரும்பி நின்று, அது வந்து சேரும்வரை காத்திருந்துவிட்டு நடந்தது. எங்களைப் பார்த்தது. என்னை அதற்கு அடையாளம் தெரியாது. தெரிந்திருந்தால் நல்லது என்று நினைத்தேன். யாராவது ஒருவர் என்னைப் பார்த்து உறுமினால் தேவலை போலிருந்தது. அது பாட்டுக்கு முள்ளுக்குள் போய்விட்டது.

மறுபடி நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். புது ஆளைப் பார்க்கிற மரியாதையான பார்வை.

"ஒர்க்‌ஷாப்புல நீங்க எந்த ஷாப்?" என்று கேட்டார்.

நான் யார் தெரியவில்லையா என்று கேட்க வாய் வந்தது. இரண்டு வருடமாக அப்படித்தான் கேட்டிருக்கிறேன், கத்தியிருக்கிறேன், தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறேன். அதை நான் இந்த நோட்டில் எழுதவில்லை.

"வீல் ஷாப்" என்றேன்.

"அப்படியா! நான் கேரியேஜ் ஷாப், பெட்டி வேலை. வீல் ஷாப்புல பொம்பளைங்களும் எடுக்குறாங்களா இப்ப?"

"எடுக்குறாங்க."

"நல்லது, நல்லது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சாயங்காலம் சீக்கிரம் கிளம்பணும். எங்க வீட்ல ரொம்பக் கோவக்காரி. லேட்டாப் போனா சாப்பாடு போட மாட்டா."

"அதெல்லாம் போடுவாங்க" என்றேன். "வாங்க, இந்தப் பக்கமாப் போவோம்."